மகாயானம்னா பெரிய யானையா டீச்சர்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, "உங்க வீட்டுப் பிள்ளைங்க பரீட்சையில சமயத்தைப் பத்தி எழுதி சிரிக்க வச்ச பதில் ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க, அதுல வர்ற சந்தேகத்தையும் கேளுங்க"ன்னு எழுதியிருந்தேன். கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ்னு வந்து குவிஞ்சதுல எல்லாத்தையும் படிச்சு முடிக்கவே ஒரு வாரம் ஆச்சு. நான் 31 வருஷம் சமூக அறிவியல் எடுத்தவ, பாதி சர்வீஸ் டெல்டா பக்கத்து கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்லதான். அதனால நான் பாத்ததையும் நடுநடுவுல சொல்றேன். ஆனா போர்டு எக்ஸாம் கேம்ப்ல திருத்தின பேப்பர்ல பாத்தது எதையும் எழுதமாட்டேன், அது வெளிய சொல்லக்கூடாத விஷயம். கிளாஸ் டெஸ்ட், காலாண்டு, அரையாண்டுல பாத்தது மட்டும்தான்.

டீச்சர், என் மக ஆறாவது படிக்கிறா. "ஈனயானம், மகாயானம் குறிப்பு வரைக"ங்கற கேள்விக்கு "மகாயானம் என்றால் பெரிய யானை, ஈனயானம் என்றால் குட்டி யானை, புத்தர் பெரிய யானையில் செல்வார்"னு எழுதிட்டா. கிளாஸே சிரிச்சிருக்கு, வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. யானம்னா உண்மையில என்னதான் டீச்சர்?
– வாசகி, கும்பகோணம்

முதல்ல பாப்பாகிட்ட சொல்லுங்கம்மா, இதை அவ மட்டும் எழுதல, எனக்குத் தெரிஞ்சே வருஷத்துக்கு நாலு பேராவது எழுதுவாங்க. ஈனயானம், மகாயானம் ரெண்டும் பௌத்தத்துல இருக்கற பிரிவுங்க. யானம்னா ஊர்தி, வாகனம், நாம ஏறிப் போற எதுவா இருந்தாலும் யானம்தான். பிறவிங்கற கடலைத் தாண்டி அந்தப் பக்கம் போக ஒரு வண்டி வேணும்ல, அதுல எல்லாரையும் ஏத்திக்கிட்டு போற பெரிய வண்டி நாங்கன்னு சொன்னவங்க மகாயானம்னு பேரு வச்சுக்கிட்டாங்க, பழைய வழியில இருந்தவங்களுக்கு ஈனயானம்னு, அதாவது சின்ன வண்டின்னு, அவங்களே பேரையும் வச்சுட்டாங்க. அது கொஞ்சம் மட்டம் தட்டுற பேருதான், ஈனம்ங்கற சொல்லை நாம எங்க பயன்படுத்துறோம்னு யோசிச்சாலே புரியும். இலங்கை, மியான்மர், தாய்லாந்து பக்கம் இருக்கற பௌத்தர்கள் தங்களை தேரவாதம்னுதான் சொல்லிக்குவாங்க.

இப்ப உங்க பொண்ணு எழுதினதைப் பாருங்க. நம்ம ஊர்ல காய்கறி மூட்டை ஏத்திட்டுப் போற சின்ன லோடு வண்டிக்கு என்ன பேரு? குட்டி யானை! அவ சின்ன வண்டின்னு எழுதவேண்டிய இடத்துல குட்டி யானைன்னு எழுதியிருக்கா, எப்படி வந்து சேந்துருக்கு பாருங்க. யானை வந்ததும் ஒண்ணும் தப்பான இடத்துல வரல, புத்தரைச் சுமந்தப்ப அவங்க அம்மா மாயாதேவி கனவுல வெள்ளை யானை வந்துச்சுங்கறது பௌத்தக் கதையிலயே இருக்கு. இந்த ரெண்டையும் அவகிட்ட உக்காந்து சொல்லுங்க, அழுகை நிக்கும்.

இந்த யானைத் தொல்லை என் கிளாஸ்ல எப்ப ஓஞ்சுதுன்னா 2023 ஆகஸ்ட்ல. சந்திரயான் 3 நிலாவுல இறங்கின 23ஆம் தேதி சாயங்காலம் பிள்ளைங்க எல்லாம் டிவிலயும் போன்லயும் பாத்துட்டு மறுநாள் காலையில ஒரே பேச்சு. நான் போர்டுல சந்திரயானம்னு எழுதி, கீழ மகாயானம்னு எழுதி, நிலாவுக்குப் போற வண்டி இது, அப்ப இது என்னன்னு மட்டும் கேட்டேன். பின்னாடி பெஞ்சுல இருந்து ஒருத்தன் "பெரிய வண்டி டீச்சர்"னு கத்தினான். அந்த பேட்ச்ல ஒருத்தர்கூட யானை எழுதல. இத்தனை வருஷம் நான் அகராதிப் பொருளை சொல்லிச் சொல்லி வராதது அன்னைக்கு ஒரு நிமிஷத்துல வந்துடுச்சு.

புத்தர், மகாவீரர் பாடத்துலயே இன்னும் ரெண்டு வழக்கமான தப்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். "புத்தர் மக்களுக்கு எட்டு வழிச் சாலை அமைத்துக் கொடுத்தார்"னு எழுதுவாங்க. சேலம் சென்னை எட்டுவழிச் சாலை விஷயம் 2018ல நியூஸ்ல தினமும் ஓடினதுக்கு அப்புறம்தான் இது அதிகமாச்சு, அதுக்கு முன்னாடி புத்தர் சொன்ன எண்வழிப் பாதைங்கறதை "எண் போட்ட பாதை"ன்னுதான் எழுதிட்டிருந்தாங்க. நற்காட்சி, நற்சிந்தனை, நற்பேச்சு, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சின்னு ஆரம்பிச்சு தியானம் வரைக்கும் எட்டு இருக்கு. இதை வரிசையா நெட்டுரு போட்டா நாலு நாள் நிக்கும். ஒவ்வொண்ணையும் வீட்ல நடக்கற ஒரு விஷயத்தோட சேத்து சொன்னா போகாது.

ரெண்டாவது மும்மணி. மகாவீரர் சொன்ன நன்னம்பிக்கை, நல்லறிவு, நற்செயல் மூணும் மும்மணி, மணின்னா ரத்தினம். ஒரு பையன் "மகாவீரர் மூன்று மணிக்கு போதனை செய்தார்"னு எழுதினான், இன்னொருத்தி "மூன்று மணிகளை அடித்தார்"னு எழுதினா. மணிங்கற ஒரு சொல்லுக்கு தமிழ்ல நேரம், கோயில் மணி, ரத்தினம், நெல்மணின்னு இத்தனை இருக்கறப்ப, அதுல பிள்ளைக்கு தினமும் காதுல விழறது ஸ்கூல் மணிதானே. பாடம் நடத்தறப்பவே மணின்னா இங்க இதுன்னு ஒரு வார்த்தை சேத்து சொல்லிட்டா போதும், அதை சொல்லாம விட்டது நடத்தினவங்க தப்பு.

ஆண்டாள் எந்த நாட்டை ஆண்டார்னு என் பேரன் கேக்கறான். "ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரை ஆண்டாள்"னு பரீட்சையில எழுதி மார்க் போச்சாம். நான் சிரிச்சுட்டேன், ஆனா பதில் சொல்லத் தெரியல.
– வாசகர், சிவகங்கை

ஐயா, பேரன் இலக்கணப்படி ஒரு பிழையும் பண்ணல. ஆண்டாள்ங்கறது ஆளுங்கற வினையில வந்த பேருதான். ஆனா அவங்க ஆண்டது நாட்டை இல்ல. பெருமாளுக்குக் கட்டின மாலையை முதல்ல தான் சூடிப் பாத்துட்டு கொடுத்ததால சூடிக்கொடுத்த சுடர்க்கொடின்னு சொல்றோம், அந்த அன்பால அரங்கனையே ஆண்டவள்ங்கற அர்த்தத்துல ஆண்டாள். 12 ஆழ்வார்ல அவங்க ஒருத்தங்கதான் பெண். மார்கழி காலையில கோயில் ஸ்பீக்கர்ல கேக்கற திருப்பாவை 30 பாட்டும் அவங்க பாடினது. நம்ம மாநிலத்து அரசு முத்திரையில ஒரு கோபுரம் இருக்கே, அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்னுதான் பொதுவா சொல்றாங்க, அதையும் பேரனுக்கு காட்டுங்க, அரசு புத்தகத்து அட்டையிலயே பாத்துருப்பான்.

நான் வேலைக்கு சேந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, தமிழ் எடுக்கறேன். ஒரு மாணவி "தேம்பாவணி என்பது அழாமல் படிக்க வேண்டிய நூல், சீறாப்புராணம் என்பது கோபப்படாமல் படிக்க வேண்டிய நூல்"னு எழுதியிருக்கா. ஸ்டாஃப் ரூமே விழுந்து விழுந்து சிரிச்சுது. முழுசா தப்புன்னு அடிக்க மனசு வரல, என்ன பண்றது டீச்சர்?
– ஆசிரியை, நாகர்கோவில்

அடிக்காதம்மா, அடிக்கவே அடிக்காத. இந்த வாரம் வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பதில் இதுதான், இதை வச்சே நீ ஒரு முழு பீரியட் எடுக்கலாம்.

அந்தப் பொண்ணுக்கு எதிர்மறைப் பெயரெச்சம் எவ்ளோ நல்லா தெரிஞ்சிருக்கு பாரு. ஓடாத குதிரையை ஓடாக் குதிரைன்னு சொல்ற மாதிரி, தேம்பாத அணி தேம்பா அணி, சீறாத புராணம் சீறாப் புராணம்னு ரெண்டையும் ஒரே மாதிரி பிரிச்சிருக்கா. அதுல முதலாவது ஏறக்குறைய சரி. தேம்புதல்னா அழுகை மட்டும் இல்ல, வாடுறதும் தேம்புறதுதான், அதனால தேம்பா அணின்னா வாடாத மாலை. தேன் போன்ற பாக்களால் ஆன அணின்னு இன்னொரு விதமாவும் பிரிப்பாங்க. இத்தாலியில இருந்து வந்த வீரமாமுனிவர், இயேசுவோட வளர்ப்புத் தந்தை சூசையப்பரை வளன்னு தமிழ்ப் பேரு வச்சு பாட்டுடைத் தலைவனா ஆக்கி 3615 பாட்டு எழுதியிருக்காரு. அதுக்கு வாடாத மாலைன்னு பேரு வச்சது எவ்ளோ பொருத்தம்! நம்ம நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைக்கு சூசையப்பர் கோயில் தெரியாம இருக்காது, அங்கேருந்தே ஆரம்பி.

ரெண்டாவதுல அவ சறுக்குனதுக்குக் காரணம் அது தமிழ்ச் சொல்லே இல்லங்கறதுதான். சீறத்ங்கற அரபுச் சொல்லு சீறா ஆச்சு, வாழ்க்கை வரலாறுன்னு பொருள். நபிகள் நாயகத்தோட வாழ்க்கையை உமறுப்புலவர் பாடினது. ஒரு சொல்லைப் பாத்தவுடனே இது தமிழா, வெளிய இருந்து வந்ததான்னு தெரியாட்டி இலக்கணம் தெரிஞ்ச பிள்ளையும் தப்பாதான் பிரிக்கும். இத்தாலியில பொறந்தவரு சுத்தத் தமிழ்ல பேரு வச்சிருக்காரு, எட்டயபுரத்துல வாழ்ந்த தமிழ்ப் புலவரு அரபுச் சொல்லுல பேரு வச்சிருக்காரு, இதை கிளாஸ்ல சொல்லிப்பாரு, ஒரு பய தூங்கமாட்டான். மார்க்கு கேட்டியே, கீ ஆன்சர்படி கிடையாதுதான், ஆனா கிளாஸ் டெஸ்ட்தானே, பாதி மார்க் போட்டு பக்கத்துல சிவப்பு இங்க்ல "தேம்பா நன்று, சீறா அரபுச் சொல்"னு எழுதிக் கொடு.

63 நாயன்மார்ல இசைஞானி இளையராஜா பேரை என் பையன் எழுதிட்டான் டீச்சர். எங்க வீட்டுக்காரரு இளையராஜா பைத்தியம், அவருக்கு ஒரே சந்தோஷம்.
– வாசகி, தேனி

நாயன்மார் பட்டியல்ல இசைஞானியார்னு நிஜமாவே ஒருத்தங்க இருக்காங்கம்மா, சுந்தரரோட அம்மா. 63 பேர்ல பெண்கள் மூணே பேரு, காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். பையனுக்குப் பேரு தெரிஞ்சிருக்கு, ஆளுதான் மாறிடுச்சு. வீட்டுக்காரருகிட்ட சொல்லுங்க, இளையராஜா 2005ல திருவாசகத்துக்கு இசையமைச்சாரே, அந்த திருவாசகத்தைப் பாடின மாணிக்கவாசகரே 63 பேர்ல கிடையாது. பெரியவங்களே மாணிக்கவாசகரை சேத்து எண்ணிடுவாங்க. நால்வர்ல அவரு உண்டு, அறுபத்து மூவர்ல இல்ல.

நாங்க தமிழ்ச் சமணர் குடும்பம். சுவேதாம்பரர்னா ஸ்வெட்டர் போட்டவங்கன்னு பசங்க எழுதினதா நீங்க முன்னாடி ஒருதடவை எழுதினீங்க, அதுக்கு நாங்களும் சிரிச்சோம். ஆனா "சமண மதம் தமிழ்நாட்டில் அழிந்துவிட்டது"ன்னு என் மகளோட கிளாஸ்ல எல்லா பிள்ளையும் எழுதறாங்க, அதுக்கு டிக் போடறாங்க. என் மக என்ன எழுதணும்?
– வாசகர், திண்டிவனம் அருகே ஒரு கிராமம்

சார், உங்க கடிதத்தைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தேன். ஸ்வெட்டர் எழுதினது ஒரு பிள்ளையோட காதுல நடந்த தப்பு. சமணத்துல ரெண்டு பிரிவு, சுவேதம்னா வெள்ளை, அம்பரம்னா ஆடை, வெள்ளை ஆடை போட்டவங்க சுவேதாம்பரர், திக்குன்னா திசை, திசையையே ஆடையா கொண்டவங்க திகம்பரர்னு சொல்லி, பீதாம்பரம்னு ஒரு பேரை ஞாபகப்படுத்தினா அது சரியாகிடும். நீங்க சொல்ற தப்பு அப்படி இல்ல. அதுக்கு யாரும் சிரிக்கல, டிக் போடறாங்க, அதனாலதான் அது பெரிய தப்பு.

விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையா தமிழ்ச் சமணர்கள் இருக்காங்க, நயினார்னு பட்டம் போட்டுக்குவாங்க, பொழுது சாஞ்சா சாப்பிடமாட்டாங்க, மேல்சித்தாமூர்ல அவங்க மடம் இன்னைக்கும் நடக்குது. ஆரணி போளூர் பக்கத்துல திருமலைன்னு ஒரு ஊர், அங்க பாறையில செதுக்கின, சமணர்கள் கும்பிடற நேமிநாதர் சிலை 16 மீட்டர் உயரம். கழுகுமலையும் சித்தன்னவாசலும் டூர் போறப்ப பாக்கற பழங்காலத்து இடம்னு மட்டுமே பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுத்துட்டோம், பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கற பொண்ணு சமணப் பொண்ணுன்னு சொல்லிக் கொடுக்கல.

உங்க மக "செல்வாக்கு குறைந்தது, ஆனால் இன்றும் தமிழ்ச் சமணர்கள் வாழ்கின்றனர்"னு எழுதட்டும். மார்க் வெட்டினா நீங்களே ஸ்கூலுக்குப் போயி ஹெட்மாஸ்டர்கிட்ட நிதானமா பேசுங்க, முடிஞ்சா அந்த டீச்சரை உங்க ஊர் ஜினாலயத்துக்கு, அதாவது சமணக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நானே முதல் பத்து வருஷம் அழிந்ததுன்னுதான் நடத்தினேன், அதுக்கு உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்.

"போப்பாண்டவர் சீட்டு நடத்தினார், மார்ட்டின் லூதர் கிங் அதைக் கண்டித்து கதவில் ஒட்டினார்" – இது என் தம்பி ஒன்பதாவதுல எழுதினது. எங்க அம்மா மாசாமாசம் ஏலச்சீட்டு கட்டறவங்க, அவங்க "ஏன்டா போப்பு சீட்டுப் பணத்தை எடுத்துட்டு ஓடிட்டாரா"ன்னு சீரியஸா கேக்கறாங்க. அம்மாவுக்கு எப்படி புரிய வைக்கறது?
– வாசகர், ஈரோடு

தம்பி, உங்கம்மா கேட்ட கேள்வியை நினைச்சு நானும் சிரிச்சேன். பாடத்துல பாவமன்னிப்புச் சீட்டுன்னு வரும். நம்ம வீடுகள்ல சீட்டுன்னா ஏலச்சீட்டுதான், பத்தாயிரம் சீட்டு, லட்ச ரூபா சீட்டு, தள்ளு, கழிவு இதெல்லாம்தான் பிள்ளை காதுல சின்ன வயசுலேருந்து விழறது. அதான் அப்படி எழுதிட்டான். அம்மாவுக்கு இப்படி சொல்லுங்க. செஞ்ச பாவத்துக்கு இந்த உலகத்துல பரிகாரம் செய்யாம மிச்சம் இருந்தா செத்ததுக்கு அப்புறம் அனுபவிக்கணும், அந்தத் தண்டனையைக் குறைக்க திருச்சபை கொடுக்கற ஒரு பத்திரம் அது. அதைக் காசுக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க, ரோம்ல புனித பேதுரு பேராலயம் கட்ட அந்தப் பணம் போச்சு. ஜெர்மனியில டெட்சல்னு ஒரு துறவி ஊர் ஊரா போயி வித்தாரு. ஏழை ஜனங்க செத்துப்போன அப்பா அம்மாவுக்காக வாங்கினாங்க, அதைத்தான் அதே நாட்டுத் துறவி மார்ட்டின் லூதரால தாங்க முடியல. 1517 அக்டோபர் 31ல 95 கருத்தை எழுதி வெளியிட்டாரு, விட்டன்பர்க் ஊர் தேவாலயக் கதவுல ஆணி அடிச்சு மாட்டினாருன்னு சொல்லுவாங்க. சீட்டுப் பணம் கட்டுறவங்களுக்கு இந்தக் கோவம் புரியாமலா போகும், உங்கம்மாவுக்கு உங்க தம்பியைவிட நல்லாவே புரியும்.

அடுத்தது அந்த கிங். இது ரொம்பப் பழைய குழப்பம், ஒவ்வொரு ஒன்பதாங்கிளாஸ்லயும் வரும். ஜெர்மனிக்கார லூதர் 16ஆம் நூற்றாண்டு, அமெரிக்காவுல கறுப்பின மக்களுக்காகப் போராடி 1968ல சுட்டுக் கொல்லப்பட்டவரு மார்ட்டின் லூதர் கிங், நடுவுல நானூறு வருஷம். ஆனா ரெண்டு பேருக்கும் சம்பந்தம் உண்டு, அதை சொன்னா தம்பி மறக்கவேமாட்டான். கிங் பொறந்தப்ப வச்ச பேரு மைக்கேல். அவங்க அப்பாவும் மைக்கேல்தான், பாதிரியாரு. அப்பா 1934ல ஜெர்மனி போயிருந்தாரு, லூதர் வாழ்ந்த நாட்டைப் பாத்துட்டு வந்து தன் பேரையும் மகன் பேரையும் மார்ட்டின் லூதர்னு மாத்தினாரு. நம்ம ஊர்ல காந்தின்னும் நேருன்னும் ஸ்டாலின்னும் பேரு வைக்கறோம்ல, அதே மாதிரிதான்.

இதே ரகத்துல நம்ம பக்கத்து குழப்பம் ஒண்ணு இருக்கு. "ராமானுஜர் விசிஷ்டாத்வைதத்தையும் 1729 என்ற எண்ணையும் கண்டறிந்தார்." ஸ்ரீபெரும்புதூர்ல 1017ல பொறந்ததா சொல்ற வைணவ ஆச்சாரியரும், ஈரோட்ல, அதாவது உங்க ஊர்லயே, 1887ல பொறந்த, 1729ங்கற எண்ணோட சேத்துப் பேசப்படற கணித மேதை ராமானுஜனும் ஒண்ணா கலந்துட்டாங்க.

நோன்பு மாசத்துல எங்க தெருவுல கஞ்சி வாங்க எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தூக்குவாளி எடுத்துட்டு வந்துருவாங்க. அதுல ஒரு பையன் "இஸ்லாத்தின் ஐந்து கடமைகள்: கலிமா, தொழுகை, நோன்பு, நோன்புக் கஞ்சி, ஹஜ்"னு எழுதியிருக்கான். பள்ளியில எல்லாரும் ரசிச்சோம். இதை நாங்க தப்பா எடுத்துக்கல, ஆனா சில பேரு கோவப்படறாங்க. உங்க கருத்து?
– வாசகர், கீழக்கரை

பாய், விடுபட்டது ஜகாத். வருஷம் முழுக்க சேந்து நின்ன செல்வத்துல நூத்துக்கு ரெண்டரை இல்லாதவங்களுக்குக் கொடுக்கறது, அது கட்டாயக் கடமை, கஞ்சி வேற. கோவப்படறவங்களுக்கு நான் சொல்ல விரும்பறது, அந்தப் பையனுக்கு அரபு வார்த்தை வாயில நிக்கல, ஆனா கொடுக்கற கைன்னு ஒண்ணு அந்த மதத்துல இருக்குன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. அவன் வாளியில கஞ்சியை ஊத்தினவங்க அவன் எந்த சாதி, எந்த மதம்னு கேட்டிருக்கமாட்டாங்க. பச்சரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், தேங்காப்பால்னு அந்த வாசனையோடதான் அவனுக்கு இஸ்லாம் அறிமுகம் ஆகியிருக்கு. அதுல என்ன கோவம் வேண்டிக்கிடக்கு. ஜகாத்னா என்னன்னு நீங்களே ஒரு நாள் கஞ்சி ஊத்தறப்ப அவனுக்கு சொல்லிக் கொடுத்துடுங்க.

உங்க கடிதத்துல பள்ளின்னு எழுதியிருக்கீங்க, நீங்க சொன்னது பள்ளிவாசலா பள்ளிக்கூடமான்னு எனக்கே ஒரு நிமிஷம் யோசனை. ஒரு பொண்ணு "முஸ்லிம்கள் பள்ளிக்கூட வாசலில் தொழுவார்கள்"னு எழுதினா. பள்ளிங்கறது நம்ம மொழியில எவ்ளோ பெரிய வீடு பாருங்க, சமண பௌத்தத் துறவிகள் இருந்த இடம் பள்ளி, கோயில்ல சாமி தூங்கற இடம் பள்ளியறை, முஸ்லிம்கள் தொழற இடம் பள்ளிவாசல், பிள்ளைங்க படிக்கற இடம் பள்ளிக்கூடம். அந்தப் பொண்ணுகிட்ட இது அத்தனையையும் போர்டுல எழுதிக் காட்டினேன், "அப்ப எல்லாருக்கும் ஒரே பேரா டீச்சர்"னு ஆச்சரியமா கேட்டா.

ஹிஜ்ராவையும் ஹஜ்ஜையும் குழப்பறதும் நிறைய. நபிகள் மக்காவுலேருந்து மதீனாவுக்குப் போனது ஹிஜ்ரா, 622ஆம் ஆண்டு, அதுலேருந்துதான் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு. மக்காவுக்குப் போற புனிதப் பயணம் ஹஜ். ஒண்ணு கிளம்பிப் போனது, ஒண்ணு தேடி வர்றதுன்னு சொல்லிக் கொடுப்பேன்.

என் பையன் "முருகனின் அறுபடை வீடு என்பது ஆறு ராணுவ முகாம்கள்"னு எழுதினான். அந்தப் பேப்பரை அவங்க டீச்சர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் க்ரூப்ல போட, அது எங்க சொந்தக்காரங்க க்ரூப் வரைக்கும் வந்துருச்சு. பேரு இல்ல, ஆனா கையெழுத்தை வச்சு அவன் அத்தை கண்டுபிடிச்சுட்டாங்க. சாமியைக் கிண்டல் பண்றியான்னு அவனைத் திட்டு. பையன் இப்ப எந்தக் கேள்விக்கும் ரெண்டு வரிக்கு மேல எழுதமாட்டேங்கறான்.
– ஒரு தாய், மதுரை

அம்மா, படிச்சதும் எனக்கு சிரிப்பு வரல. முதல்ல அவன் எழுதினது தப்பே இல்ல, அதை அவனுக்கும் அத்தைக்கும் சேத்து சொல்லுங்க. படைவீடுன்னா படை தங்கற இடம், பாசறை, பழைய தமிழ்ல அதுதான் பொருள். ராணுவ முகாம்ங்கறது அதோட இன்றைய சொல்லு. முருகன் தேவசேனாபதி, தேவர் படைக்குத் தளபதி, திருச்செந்தூர்ல சூரசம்ஹாரம் பாக்கறோமே அது போர்தானே. ஆற்றுப்படைங்கற சொல்லுலேருந்து அறுபடை வந்துச்சுன்னு சொல்ற அறிஞர்களும் உண்டு. திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி, பழமுதிர்சோலைன்னு பேரையும் சேத்து எழுதியிருந்தா நான் முழு மார்க் போட்டிருப்பேன்.

அந்தப் போட்டோ விஷயம்தான் எனக்கு நெஞ்சுல உறுத்துது. விடைத்தாள் பிள்ளை டீச்சருக்கு மட்டும் எழுதற கடிதம் மாதிரி, அதை க்ரூப்ல போட யாருக்கும் உரிமை கிடையாது, பேரை மறைச்சாலும் கையெழுத்து காட்டிக் கொடுத்துரும். வேலைக்கு சேந்த புதுசுல நானும் ஒரு பொண்ணோட பதிலை கிளாஸ்ல சத்தமா படிச்சேன். "கண்ணப்பர் கண் தானம் செய்தார்"னு எழுதியிருந்தா. எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் கூடவே சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் வருஷம் முடியற வரைக்கும் அந்தப் பொண்ணு ஒரு தடவைகூட கையைத் தூக்கல. யோசிச்சா, காளத்தியில தன் கண்ணையே பிடுங்கி அப்பினவரைப் பத்தி அந்த வயசுப் பிள்ளை வேற எந்த வார்த்தையில சொல்லும்? அன்னையிலேருந்து பதிலைப் படிக்கணும்னா அந்தப் பிள்ளையைத் தனியா கூப்பிட்டுக் கேட்டுட்டுதான் படிப்பேன், வேணாம்னா விட்டுடுவேன்.

நீங்க அந்த டீச்சர்கிட்ட நேர்ல போயி பேசுங்க, சண்டையா இல்ல, என் பையன் எழுதறதை நிறுத்திட்டான்னு மட்டும் சொல்லுங்க. டீச்சரா இருக்கறவங்களுக்கு அதைவிட வேற எதுவும் வலிக்காது. வீட்ல அவனை அறுபடை வீட்டைப் பத்தி ஒரு பக்கம் எழுதச் சொல்லி நீங்க வாங்கிப் படிங்க, சிவப்பு பேனாவைத் தொடாதீங்க. திருப்பரங்குன்றம் உங்களுக்கு பக்கத்துலதான், ஒரு ஞாயித்துக்கிழமை முகாமைப் பாக்கப் போறோம்னே சொல்லி கூட்டிட்டுப் போங்க.

இத்தனை வருஷத்துல உங்களால மறக்கவே முடியாத பதில் எது டீச்சர்?
– வாசகி, புதுச்சேரி

வள்ளலார் பாடத்துல வந்ததும்மா. "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் ______" கோடிட்ட இடம் நிரப்புக, ஒரு மார்க். வாடினேன்னு எழுதணும். எட்டாவதுல ஒரு பையன் "தண்ணீர் ஊற்றினேன்"னு எழுதியிருந்தான். சம்பா நட்டுட்டு ஆத்துல தண்ணி வரலையேன்னு ஊரே வானத்தைப் பாத்துட்டு இருந்த வருஷம் அது. அவங்க அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் குத்தகை, கடைமடை. ராத்திரி எஞ்சினை வாடகைக்கு எடுத்து குட்டையிலேருந்து தண்ணி இறைப்பாங்க, இவன்தான் டார்ச் பிடிக்கறது, அதனால காலையில கிளாஸ்ல தூங்கி விழுவான்.

தனியா கூப்பிட்டு, ஏன்டா இப்படி எழுதினன்னு கேட்டேன். "பயிரு வாடுச்சுன்னா தண்ணிதானே டீச்சர் விடணும், அவரும் வாடிட்டா யாரு தண்ணி விடறது"ன்னான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ஏன்னா வள்ளலாரும் பாடினதோட உக்காந்துடல, பஞ்சத்துல பசியோட இருந்த ஜனங்களுக்கு 1867 மே 23ல வடலூர்ல சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினாரு, அந்த அடுப்பு இன்னைக்கும் அணையாம எரியுது, வர்றவங்க எல்லாருக்கும் சோறு போடுது. இவன் எழுதினது அந்தப் பாட்டுக்கு அப்புறம் அவரு செஞ்ச காரியம். மார்க் போட்டேன், பக்கத்துல சரியான சொல்லையும் எழுதினேன்.

அந்த வருஷம் டூருக்கு வடலூர்தான் கூட்டிட்டுப் போனோம். ஞான சபையைப் பாத்துட்டு தருமச்சாலையில எல்லாப் பிள்ளைகளும் வரிசையா உக்காந்து சாப்பிட்டாங்க. மத்த பசங்க வெளிய ஓடிட்டாங்க, இவன் மட்டும் அடுப்பு பக்கத்துலயே நின்னுட்டு இருந்தான். ரொம்ப நேரம் பாத்துட்டு அங்க விறகு தள்ளிட்டு இருந்தவருகிட்ட, "நைட்டுக்கு இதை யாருண்ணே பாத்துக்குவா"ன்னு கேட்டான்.